லைக்கன், காளான் மேல இருக்கற செதிலை எப்படி பாக்கணும்

மொதல்ல ஒரு 10எக்ஸ் லென்ஸ் (பத்து மடங்கு பெருசா காட்டற கை லென்ஸ்) வாங்கிடுங்க. அதை கண்ணோட ஒட்டி வச்சுக்கிட்டு நீங்கதான் குனிஞ்சு செதில் கிட்ட போகணும், லென்ஸை கல்லு மேல வச்சுட்டு எட்டி நின்னு பாத்தா ஒண்ணும் தெரியாது.

லைக்கன்ங்கறது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழற உயிர். அதுல கிளாடோனியாங்கற வகையை வச்சு ஆரம்பிக்கறது ஈஸி. கொடைக்கானல், ஊட்டி மாதிரி உயரமான இடத்துல ரோட்டோர மண் சரிவுல தேடுங்க, சாம்பல் பச்சையில சில மில்லிமீட்டர் அளவுக்கு குட்டி குட்டி செதிலா நெருக்கமா இருக்கும், நடுவுல சின்ன கம்பியோ கோப்பையோ எழும்பி நிக்கும். காஞ்சிருக்கும்போது தொடாதீங்க, நொறுங்கிடும். கொஞ்சம் தண்ணி ஸ்ப்ரே பண்ணி ரெண்டு நிமிஷம் விடுங்க, மேல்தோல் நனைஞ்சா உள்ள இருக்கற பாசி தெரிய ஆரம்பிச்சு நல்லா பச்சையாயிடும். அப்புறம் ஊசி முனையால ஓரத்தை மெதுவா தூக்கிப் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் ஒட்டி மத்த பக்கம் தூக்க வந்தா அதுதான் ஸ்குவாமுல், அதாவது லைக்கன் செதில், முழுசா மண்ணோடயோ கல்லோடயோ ஒட்டிக்கிட்டு தூக்கவே வரலன்னா அது வேற வகை. அடிப்பக்கத்தை கண்டிப்பா பாருங்க, கிளாடோனியாவுல அங்க தோல் கிடையாது, வெள்ளையா பஞ்சு மாதிரி இருக்கும். வீட்டு மசாலா டப்பாவுல கல்பாசி இருந்தா எடுத்து திருப்பிப் பாருங்க, அதுவும் லைக்கன்தான், அதுக்கு ரெண்டு பக்கமும் தோல் உண்டு, அடி கருப்பா இருக்கும், வித்தியாசம் உடனே புரிஞ்சிடும். தயவுசெஞ்சு பிச்சு எடுத்துட்டு வராதீங்க, ரொம்ப ரொம்ப மெதுவா வளர்ற உயிர் அது.

காளான்ல செதில் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாக்கணும். தொப்பியில இருக்கறதை விரலால லேசா தேய்ங்க. கழண்டு வந்து கீழ வழவழன்னு தோல் தெரிஞ்சா, அது குஞ்சா இருந்தப்ப மூடியிருந்த உறையோட மிச்சம். செவப்பு தொப்பியில வெள்ளை புள்ளி இருக்குமே, அமானிட்டா மஸ்காரியா, அதுல இப்படித்தான், பெரிய மழை பேஞ்சா புள்ளி கழுவிப் போயிடும், அதனால புள்ளி இல்லன்னு வச்சு அது இல்லன்னு சொல்லிடக்கூடாது. கழண்டு வரலன்னா தொப்பி விரியும்போது தோலே வெடிச்சு உண்டான செதில்.

புல்தரையில மழைக்கப்புறம் பழுப்பு செதிலோட பெருசா வர்ற குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் இந்த ரகம், தின்னா வாந்தி பேதி பயங்கரமா போகும். தொப்பியை வெள்ளை பேப்பர்ல மடல் (தொப்பிக்கு அடியில வரிசையா இருக்கற தகடு) கீழ இருக்கற மாதிரி வச்சு, மேல கிண்ணம் மூடி ராத்திரி முழுக்க விடுங்க, பச்சை கலர்ல தூள் விழுந்தா அதுதான். சின்னதா இருக்கும்போது மடல் வெள்ளையாவே இருக்கும், ஏமாந்துடாதீங்க. செதிலை மட்டும் பாத்து எந்தக் காளானையும் சமைக்கவே சமைக்காதீங்க.