வைரஸையும் புற்றுநோயையும் பற்றி ஊரில் பேசும்போது தவிர்க்க வேண்டியவை

விழிப்புணர்வுக் கூட்டத்தில் புதிதாகப் பேசப் போகிறவர்கள் படத்தை மாற்றிக் காட்டுவதும் பெயரில் தடுமாறுவதும் நாலு கூட்டத்தில் தானாகச் சரியாகிவிடும். அதை விடுங்கள்.

புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்க விடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு மீனவக் குடியிருப்பில், புதிதாக வந்த பிள்ளை, "கருப்பை வாய்ப் புற்றுநோய் வைரஸால பரவுது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு வந்துவிட்டது. அடுத்த முறை நான் போனபோது, கரண்டு சிகிச்சை (கதிர்வீச்சு) முடித்து வந்திருந்த அக்காவின் தட்டும் டம்ளரும் கொல்லைப்புறத்தில் தனியாகக் கவிழ்ந்து கிடந்தன. "நர்சம்மாதானே பரவும்னு சொல்லிட்டுப் போச்சு, வீட்டுல பேரப்பிள்ளைக இருக்குல்ல" என்றார் மாமியார். போதாக்குறைக்கு, இதை வீட்டுக்குள் கொண்டுவந்தது கடலுக்குப் போகும் புருஷனா, இவளா என்று பஞ்சாயத்து வேறு.

பரவுவது கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி என்கிற வைரஸ், புற்றுநோய் இல்லை. அந்த வைரஸும் பெரும்பாலும் உடலுறவு வழியாகத்தான் பரவும். தட்டு, டம்ளரால் இல்லை. மணமானவர்களில் பெரும்பாலோருக்கு எப்போதாவது வந்து போயிருக்கும். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே விரட்டிவிடும். 16, 18 போன்ற சில வகைகள் போகாமல் தங்கினால்தான் வினை. அப்போதும் புற்றாக மாறப் பொதுவாக 15, 20 வருடம் பிடிக்கும். அதனால் எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. இதைச் சொல்லாமல் பாயைச் சுருட்டாதீர்கள்.

கீழாநெல்லியோடு மல்லுக்கட்டுவது

தண்ணீரால் வரும் ஏ வகை மஞ்சள் காமாலை பெரும்பாலும் தானே போய்விடும், பெயர் கீழாநெல்லிக்கு. சரி, இருக்கட்டும். பி, சி வகை வைரஸ்கள் கண் மஞ்சளாகாமலே கல்லீரலில் வருடக்கணக்கில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகலாம். வாதாடாமல் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பி வகைத் தடுப்பூசியின் முதல் தவணையைக் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

"எச்பிவி தடுப்பூசி போட்டாச்சு, கருப்பை வாய்ப் பரிசோதனை எதுக்கு?"

வேண்டும்.

எல்லாவற்றுக்கும் வைரஸ் மேல் பழிபோடுவது

ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் எச்பிவிக்கும் உள்ள தொடர்பைக் கண்டதற்காக. அதை எடுத்துக்கொண்டு போய், கடைவாயில் புகையிலையை அடக்கியபடி வலை பின்னுகிறவரிடம் வைரஸ் கதை பேசினால், "அப்ப பொயலையால ஒண்ணும் இல்லதானே?" என்று நிம்மதியாகத் துப்பிவிட்டு அடுத்த கண்ணியைப் பின்னப் போய்விடுவார்.