ஃபீலர் கேஜ் ஏமாற்றும் இடம்

மறுசீரமைத்த பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினில் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வால்வு இடைவெளியை, அதாவது வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தித் திறக்கும் நெம்புகோலான ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியை, சரியாக வைத்த பிறகும் தட்டல் சத்தம் ஓயவில்லை என்றால், எஞ்சின் குளிர்ந்த நிலையில் பிஸ்டனை கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் (வால்வுகள் மூடியிருக்க, பிஸ்டன் மேலேறி எரிபொருள் கலவையை அழுத்தும் வீச்சு) உச்சியில் நிறுத்தி, இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டர் திருகை இடைவெளி அற்றுப்போகும் வரை விரலால் இறுக்கி, அங்கிருந்து கணக்கிட்டுப் பின்னால் திருப்புங்கள். புரியிடைவெளி (ஒரு முழுச் சுற்றில் திருகு நகரும் தூரம்) 1 மி.மீ. உள்ள திருகில் 0.10 மி.மீ. இடைவெளிக்குப் பத்தில் ஒரு சுற்று, அதாவது 36 பாகை, போதும்.

காரணம், தேய்ந்த ராக்கர் முனையில் வால்வுத் தண்டு பதிந்து சிறு குழி விழுந்திருக்கும். தட்டையான ஃபீலர் கேஜ் அதன்மேல் பாலம்போல் படுத்துவிடுவதால், உண்மை இடைவெளி அது காட்டுவதைவிடக் கூடுதலாகவே இருக்கும். பூட்டு நட்டை இறுக்கும்போது திருகும் சேர்ந்து நகராமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஷிம் (குறிப்பிட்ட தடிமனுள்ள சிறு தகடு) வைத்துச் சரிசெய்யும் எஞ்சின்களுக்கு இம்முறை பொருந்தாது. குழி நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஆழமாக இருந்தால், ராக்கரையே மாற்றிவிடுவது நல்லது.