பைத்தான் தொகுப்பு நிறுவுதல்: ஆப்ட்டா, பிப்பா, மூலநிரலா?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு பைத்தானை இணைக்கும் சைகோபிஜி2 தொகுப்பையே எடுத்துக்கொள்வோம். ஆப்ட் (இயங்குதளத்தின் தொகுப்பு நிறுவி), பிப் (பைத்தானின் தொகுப்பு நிறுவி), மூலநிரல் (நிரலாளர் எழுதிய வடிவிலேயே உள்ள நிரல்) என்ற மூன்று வழிகளின் குணமும் இதில் தெரிந்துவிடும். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் இரண்டுக்கும் பொருந்தும். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். முனையத்தில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: ஆப்ட்

'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-சைகோபிஜி2'. அவ்வளவுதான். கம்பைலர் (மூலநிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் கருவி) வேண்டாம், பாதுகாப்புத் திருத்தங்களும் மற்றப் புதுப்பித்தல்களோடு வந்து சேரும். பதிப்பு சற்றுப் பழையதாக இருக்கும், அது ஒன்றே குறை. அது உறுத்தவில்லை என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 2: தனிச்சூழல்

புதிய பதிப்புதான் வேண்டும் என்றால் பிப். ஆனால் 2023-இல் வந்த டெபியன் 12 முதல், தனிச்சூழல் (கணினியின் பொதுப் பைத்தானைத் தொடாத தனிக் கோப்புறை) இல்லாமல் வெறுமனே பிப்பில் நிறுவப் போனால் மறுத்துவிடும். மீறுவதற்கு '--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்று ஒரு வழி உண்டு. கணினியை உடைக்கச் சம்மதமா என்று வெளிப்படையாகவே கேட்கும் ஒன்றுக்கு ஏன் தலையாட்ட வேண்டும்? 'பைத்தான்3-வென்வ்' தொகுப்பை ஆப்ட் மூலம் நிறுவி, 'பைத்தான்3 -எம் வென்வ் சூழல்' ('சூழல்' என்பது கோப்புறைக்கு நீங்கள் வைக்கும் பெயர்), பிறகு 'சோர்ஸ் சூழல்/பின்/ஆக்டிவேட்'. இனி பிப் என்ன செய்தாலும் அந்தக் கோப்புறைக்குள்தான். பிடிக்காவிட்டால் கோப்புறையையே அழித்துவிடலாம்.

படி 3: பிப் இன்ஸ்டால் சைகோபிஜி2

இங்கேதான் பலரும் திணறுகிறார்கள். லினக்ஸில் இந்தத் தொகுப்பு மூலநிரலாகவே இறங்கும். அதன் சி மொழிப் பகுதியை உங்கள் கணினிதான் கம்பைல் செய்ய வேண்டும். திரை நிறையப் பிழைச்செய்தி கொட்டும். கடைசி வரியை நம்பாதீர்கள். ஏதோ தோற்றது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. மேலே போய்த் தேடுங்கள்.

'பிஜி_கான்ஃபிக்' இல்லை என்றால் 'லிப்பிக்யூ-டெவ்' வேண்டும். 'பைத்தான்.ஹெச்' இல்லை என்றால் 'பைத்தான்3-டெவ்'. சி கம்பைலரான 'ஜிசிசி'யே இல்லை என்றால் 'பில்ட்-எசென்ஷியல்'. ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது தலைகாட்டும். ஆகவே மூன்றையும் ஒரே மூச்சில் நிறுவிவிடுங்கள்.

போஸ்ட்கிரெஸின் 'லிப்பிக்யூ' நூலகம் ஏற்கெனவே இருந்தாலும் ஏன் இந்தப் பிழை? நிரலை ஓட்டுவதற்குத் தேவையான கோப்பு மட்டுமே கணினியில் இருக்கிறது. கம்பைல் செய்யத் தேவையான 'ஹெச்' கோப்புகளை டெபியன் தனியாகப் பிரித்து 'டெவ்' தொகுப்பில் வைக்கிறது. பெயர் தெரியாத 'ஹெச்' கோப்பு எதில் இருக்கிறது என்று தேட 'ஆப்ட்-ஃபைல்' கருவியைப் போல உதவுவது வேறில்லை.

இத்தனையும் வேண்டாம் என்றால் 'சைகோபிஜி2-பைனரி' இருக்கிறது. கம்பைல் செய்தே வரும். பழகிப் பார்க்க அது போதும். உண்மையான சேவையில் ஓடும் நிரலுக்கு மூலநிரலிலிருந்து கட்டுவதையே அதை உருவாக்கியவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

படி 4: நேரடி மூலநிரல்

இன்னும் வெளியாகாத திருத்தம் தேவைப்பட்டால் மட்டும். கிட் என்ற நிரல் பதிப்பு மேலாண்மைக் கருவி மூலம் பிரதி எடுத்து, கோப்புறைக்குள் சென்று, 'பிப் இன்ஸ்டால் .' கொடுங்கள்; அந்தப் புள்ளியை விட்டுவிடாதீர்கள். பழைய வழிகாட்டிகள் சொல்லும் 'செட்டப்.பிஒய் இன்ஸ்டால்' வேண்டாம். பிப் வழியாக நிறுவினால் 'பிப் அன்இன்ஸ்டால்' கொடுத்துச் சுத்தமாக நீக்கிவிடலாம்.

பின்னர் சேர்த்தது: ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் 'டெவ்' இல்லை, 'டெவெல்': 'லிப்பிக்யூ-டெவெல்', 'பைத்தான்3-டெவெல்'. இன்னொன்று, தனிச்சூழலுக்குள் 'சூடோ பிப்' போடக் கூடாது. சூடோ பொதுவாகச் சூழலின் பாதையை விட்டுவிட்டுக் கணினியின் பொதுப் பிப்பை அழைக்கும். நிறுவியும் இம்போர்ட் ஆகவில்லை என்றால், 'விச் பிப்' கொடுத்து எந்தப் பிப் என்பதை முதலில் பாருங்கள்.