பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு போடுவது எப்படி

கம்பெனிகள் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க் டெஸ்க்டாப்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. ஐ5 6500, 7500, 8500 போன்ற புராசஸர் இருந்தால் ஒரு கார்டு போட்டு 1080பி-யில் நன்றாகவே கேம் ஆடலாம். ஆனால் எந்தக் கார்டு என்பதை உங்கள் பட்ஜெட்டுக்கு முன்னால் எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குப் பவர் கொடுக்கும் பெட்டி) முடிவு செய்துவிடும். அதனால் முதலில் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டிய ஸ்டிக்கரைப் படியுங்கள்.

இந்த மெஷின்களில் பெரும்பாலும் 180 முதல் 260 வாட் வரைதான் இருக்கும். கார்டுக்குப் போகும் 6 பின், 8 பின் பவர் கேபிளே பல மாடல்களில் இருக்காது. அப்போது கார்டுக்குக் கிடைப்பது போர்டில் அது செருகப்படும் ஸ்லாட் வழியாக வரும் 75 வாட் மட்டுமே. கணக்கு எளிது: புராசஸருக்கு 65 வாட், கார்டுக்கு 75, போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாவற்றுக்கும் சேர்த்து 40. மொத்தம் 180. எஸ்எம்பிஎஸ் 240 வாட் என்றால் தாங்கும். 180 வாட் என்றால் மூச்சு முட்டும், கேம் நடுவில் மெஷின் அணையும்.

சாட்டா பவர் கேபிளை 6 பின்னாக மாற்றும் அடாப்டரைக் கடையில் கொடுத்தால் வாங்காதீர்கள். சாட்டா கனெக்டர் 12 வோல்ட்டில் 54 வாட் வரைக்குத்தான் செய்யப்பட்டது; 6 பின் வழியே கார்டு 75 வாட் வரை இழுக்கலாம். பிளாஸ்டிக் உருகுவதும் தீப்பிடிப்பதும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸையே மாற்றலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல்: போர்டுக்கே பவர் வரும் இடத்தில் பல டெல் மாடல்களில் 8 பின், பல எச்பி மாடல்களில் 6 பின் கனெக்டர்தான் இருக்கும். சாதாரண 24 பின் எஸ்எம்பிஎஸ்ஸை மாட்ட, அந்த மாடலுக்கே உரிய மாற்றுக் கேபிள் தேவை. அளவும் பொருந்த வேண்டும். பட்ஜெட்டில் செய்பவர்கள் கேபிள் தேவையில்லாத கார்டோடு நிற்பதே நல்லது.

அடுத்தது கேபினெட் அளவு. டவர் என்றால் 12 செ.மீ. பிராக்கெட் உள்ள முழு உயரக் கார்டு போகும். எஸ்எஃப்எஃப் எனும் ஒல்லி கேபினெட்டில் 8 செ.மீ. பிராக்கெட் கொண்ட லோ புரொஃபைல் கார்டு மட்டுமே உட்காரும். சில எஸ்எஃப்எஃப் மாடல்களில் நீள ஸ்லாட் எஸ்எம்பிஎஸ்ஸை ஒட்டியே இருப்பதால் இரண்டு ஸ்லாட் தடிமன் கொண்ட கார்டு இடிக்கும். ஸ்கேல் வைத்து அளந்துவிட்டே கடைக்குப் போங்கள்.

இந்த வரம்புக்குள் பார்க்கத் தகுந்தவை மூன்றுதான். முதலில் ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி. 2024-ல் வந்தது, 70 வாட். காசு இருந்தால் இதுதான். ஆனால் இதே பெயரில் 2022-ல் வந்த 8 ஜிபி கார்டு 130 வாட் எடுக்கும், தனி பவர் கேபிளும் கேட்கும். பெட்டியில் 6 ஜிபி என்று இருக்கிறதா என்று பார்த்தே பணம் கொடுங்கள். இரண்டாவது, செகண்ட் ஹேண்ட் ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி. இதிலும் சில மாடல்களில் 6 பின் சாக்கெட் இருக்கும், அவற்றைத் தவிருங்கள். மூன்றாவது ஆர்எக்ஸ் 6400. 53 வாட்தான் என்பதால் 180 வாட் ஒல்லி கேபினெட்டுக்கு ஏற்றது. ஸ்லாட்டில் தகவல் போய்வரும் பாதைகளான லேன்களில் அது 4 மட்டுமே பயன்படுத்தும். இந்தப் பழைய போர்டுகளின் ஸ்லாட் பிசிஐஇ 3.0 எனும் பழைய, வேகம் குறைந்த வகை என்பதால், 4 ஜிபி மெமரி நிரம்பியதும் கேம் தடுக்கித் தடுக்கி ஓடும். கேமை ரெக்கார்டு செய்ய ஹார்டுவேர் என்கோடரும் அதில் இல்லை. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-யை இனி வாங்க வேண்டாம். 2025 அக்டோபரோடு அதற்குப் புதிய கேம் டிரைவர்கள் வருவது நின்றுவிட்டது. இன்டெல் ஆர்க் ஏ380-யும் இங்கே ஒத்துவராது. அது, கார்டின் மெமரி முழுவதையும் புராசஸர் ஒரே நேரத்தில் அணுகவிடும் ரீசைசபிள் பார் வசதியை நம்பியிருக்கிறது, இந்தப் போர்டுகளில் அது இல்லை.

செகண்ட் ஹேண்ட் கார்டை ஓட்டிப் பார்க்காமல் வாங்கவே கூடாது. கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து ஷேடர் (கார்டின் கணக்கிடும் அலகு) எண்ணிக்கை பாருங்கள்: ஜிடிஎக்ஸ் 1650-க்கு 896 காட்ட வேண்டும். கார்டுக்குள் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை மாற்றி எழுதி வேறு பெயரில் விற்கும் பழைய கார்டுகளைப் பெரும்பாலும் அந்த மென்பொருளே போலி என்று காட்டிக்கொடுக்கும். பிறகு கார்டை முழுச் சுமையில் ஓட்டும் ஃபர்மார்க்கை 15 நிமிடம் ஓடவிடுங்கள். திரையில் புள்ளிகளோ கோடுகளோ வந்தால் மெமரி போய்விட்டது. பேரம் பேசக்கூட வேண்டாம். இந்தச் சின்னக் கார்டுகள் 85 டிகிரியைத் தாண்டினால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். அது சரிசெய்யக்கூடியது, விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஃபேன் கரகரவென்று சத்தம் போட்டால் பேரிங் தேய்ந்திருக்கிறது.

மாட்டுவதற்கு முன் போர்டின் பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள், யுபிஎஸ்ஸில் மட்டும். நடுவில் கரண்ட் போனால் போர்டே செத்துவிடும். பழைய கார்டு ஏதாவது இருந்திருந்தால் சேஃப் மோடில் டிடியு எனும் மென்பொருளை ஓட்டி அதன் டிரைவரை நீக்குங்கள். பிறகு பவர் கேபிளைப் பிடுங்கி, பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நீள ஸ்லாட் இரண்டு இருந்தால் புராசஸர் பக்கம் இருப்பதே பெரும்பாலும் 16 லேன் ஸ்லாட். மற்றது பார்க்க அதே நீளம் என்றாலும் உள்ளே 4 லேன்தான் இருக்கும். இரண்டு முனைகளையும் சமமாக அழுத்துங்கள். ஸ்லாட்டின் கிளிப் டிக் என்று பூட்டினால் சரியாக உட்கார்ந்துவிட்டது.

மானிட்டர் கேபிளைக் கார்டில்தான் செருக வேண்டும். பழைய ஆபீஸ் மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால், இந்தக் கார்டுகள் எதிலும் அனலாக் சிக்னல் வராது. டிவிஐ-யிலிருந்து விஜிஏ ஆக்கும் சின்னக் கட்டை வேலை செய்யாது. எச்டிஎம்ஐ-யை விஜிஏ-வாக மாற்றும் ஆக்டிவ் கன்வெர்ட்டர் வாங்க வேண்டும்.

திரை கறுப்பாகவே இருந்தால் கார்டைக் கழற்றி, தங்கநிறப் பட்டையை வெள்ளை ரப்பரால் மெல்லத் துடைத்து, துகளை ஊதிவிட்டு மறுபடி மாட்டுங்கள். அப்போதும் வராவிட்டால், கார்டைக் கழற்றிவிட்டு போர்டின் டிஸ்பிளேயில் பயாஸுக்குள் போய், பூட் மோட் (மெஷின் தொடங்கும் முறை) புதிய வகையான யுஇஎஃப்ஐ-யில் இருக்கிறதா, வீடியோ செட்டிங் ஆட்டோவில் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் பழைய வகையான லெகசி மோடில் போடப்பட்டிருந்தால், யுஇஎஃப்ஐ-க்கு மாற்றியதும் அது பூட் ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கேம் இடறினால் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் ஜிபியு சதவீதத்தை, அதாவது கார்டு எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் பாருங்கள். 95-க்கு மேல் நின்றால் கார்டு முழு வேலை செய்கிறது. ஷேடோ, டெக்ஸ்சர் செட்டிங்கைக் குறையுங்கள். 60-லேயே தங்கினால் தடை புராசஸரோ ரேமோ. ஐ5 7500-க்கு 4 த்ரெட்தான் (ஒரே நேரத்தில் செய்யும் வேலைகள்), அதனால் எஃப்பிஎஸ்-ஐ (விநாடிக்கு வரும் படங்கள்) 60-க்குக் கட்டிவைத்து, கூட்டத்தின் அளவு, தூரக்காட்சி ஆகியவற்றைக் குறையுங்கள். 8 ஜிபி ரேம் ஒற்றைக் குச்சியாக இருந்தால் அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி போட்டு, இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் டூயல் சேனல் ஆக்குங்கள். கார்டு வாங்கும் நாளிலேயே இதற்கும் காசு ஒதுக்கிவிடுங்கள்.