ஜப்பான் பயணம்: வரைபடத்தைப் பார்க்குமுன் வாங்கும் ரயில் பாஸ்

ஜப்பானுக்கு முதன்முறையாகச் சிறு குழுவொன்றை அழைத்துச் செல்லவிருக்கும் இளைஞர் ஒருவர், தம் பயணத் திட்டத்தைச் சரிபார்க்கும்படி அண்மையில் என்னிடம் தந்தார். முதல் வரியே ‘ஏழு நாள் ரயில் பாஸ், அனைவருக்கும்’ என்றிருந்தது. அதாவது, ஏழு நாளும் ஜப்பான் ரயில்வே (ஜே.ஆர்.) ரயில்களில் விருப்பம்போல் ஏறிச்செல்ல உதவும் பாஸ். பயணங்களை ஏற்பாடு செய்யும் இத்தொழிலில் நான் பட்ட அடி ஒன்று அந்த வரியைப் படித்ததும் மீண்டும் வலித்தது. விசா எடுக்க மறப்பது போன்ற பிழைகளை எவரும் சொல்லித்தருவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

சிறிய நாடு என்ற நினைப்பு

ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் பக்கத்தில் இருப்பதால் ஜப்பான் சிறியதாகத் தெரிகிறது. உண்மையில் அதன் பரப்பளவு ஏறத்தாழ 3,78,000 சதுர கிலோமீட்டர். ஜெர்மனியைவிடச் சற்றுப் பெரியது. ஒகினாவாவின் நாஹா நகரம் டோக்கியோவிலிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு காடு என்பதால், 12 கோடிக்கும் மேற்பட்ட மக்களில் பெரும்பாலோர் கடலோரச் சமவெளிகளில் நெருங்கி வாழ்கிறார்கள். டோக்கியோ, நகோயா, கியோட்டோ, ஒசாகா ஆகிய நகரங்கள் ஹொன்ஷு தீவின் தென்கரையை ஒட்டி, 500 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் ஒரே ரயில் பாதையில் அமைந்துள்ளன. முதன்முறை செல்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பாதையை விட்டு விலகுவதே இல்லை.

ரயில் பாஸ்

நாடு முழுவதும் சுற்றுபவருக்காக ஏற்பட்ட பாஸை, ஒரே பாதையில் ஒருமுறை செல்பவருக்கு வாங்கித்தருவதுதான் நான் சொல்லவந்த தவறு. முன்பு ஏழு நாள் சாதாரண வகுப்பு பாஸின் விலை 29,650 யென். டோக்கியோவிலிருந்து கியோட்டோ சென்று திரும்பினாலே ஏறக்குறைய போட்ட பணம் வந்துவிடும். 2023 அக்டோபரில் அந்த விலை 50,000 யென்னாக உயர்ந்தது. விலை மாறிய பிறகும் ‘பாஸ் வாங்கிவிடுங்கள்’ என்ற அறிவுரை மாறவில்லை.

அந்த உயர்வுக்குப் பின் நால்வர் கொண்ட குடும்பம் ஒன்றுக்கு நான் பழக்கதோஷத்தில் பாஸ் வாங்கிக்கொடுத்தேன். நரிதா விமான நிலையத்தில் மாலையில் இறங்கியதும், நகருக்குச் செல்லும் ரயிலுக்காக அன்றே அதைத் தொடங்கிவைத்தேன். பாஸ் மணிக்கணக்கில் அல்ல, நாள்கணக்கில் ஓடுவது. அந்த ஒரு மாலையே முதல் நாளாகிவிட்டது. அடுத்த மூன்று நாள்களும் டோக்கியோவின் சுரங்க ரயில்களில் கழிந்தன. அங்கே இந்த பாஸ் செல்லாது. ஐந்தாம் நாள் கியோட்டோ, ஆறாம் நாள் நாரா. எட்டாம் நாள் ஒசாகா செல்லும்போது பாஸ் காலாவதியாகியிருந்தது. இரவு உட்கார்ந்து கணக்கிட்டபோது, தனித்தனியாகச் சீட்டு எடுத்திருந்தால் ஒருவருக்கு 20,000 யென்கூட ஆகியிருக்காது என்று தெரிந்தது. அந்தக் குடும்பத் தலைவர் ஒன்றும் சொல்லவில்லை. என் சேவைக் கட்டணத்தை நானே திருப்பிக் கொடுத்தேன்.

போதாக்குறைக்கு, அந்தப் பாதையில் அடிக்கடி ஓடும் நொஸோமி ரயிலில் பாஸை வைத்து மட்டும் ஏற முடியாது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குக் கூடுதலாக 4,960 யென் கட்ட வேண்டும். ஆகவே முதலில் ஊர்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு தடத்தின் கட்டணத்தையும் எழுதிக் கூட்டிப்பாருங்கள். கூட்டுத்தொகை பாஸின் விலையைத் தாண்டினால் மட்டும் வாங்குங்கள். இன்னும் சில தவறுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

டோக்கியோவிலிருந்து சப்போரோவுக்கு ரயில்

ஷின்கான்சென் எனும் அதிவேக ரயில், வடக்குத் தீவான ஹொக்கைடோவிலுள்ள சப்போரோவை இன்னும் எட்டவில்லை. விமானத்தில் செல்லுங்கள்.

ஏப்ரல் கடைசி வாரம்

ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அந்நாடே விடுமுறையில் பயணம் செய்யும். தவிருங்கள்.

பெரிய பெட்டி

நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு, டோக்கியோ–ஒசாகா ஷின்கான்சென்னில் அதற்குரிய இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் 1,000 யென் வசூலிப்பார்கள்.

வீட்டுக் குக்கர்

அங்கே மின்சாரம் 100 வோல்ட். கைபேசி சார்ஜர்கள் பெரும்பாலும் அதை ஏற்கும்; 230 வோல்ட்டுக்கென்று செய்த சூடேற்றும் சாதனங்களில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பம்தான் வரும். சைவக் குடும்பம் ஒன்று ஊரிலிருந்து கொண்டுவந்த மின்சாரக் குக்கரில் சோறு வைத்தது. ஒரு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தபோது, அரிசி வெதுவெதுப்பான நீரில் ஊறிக்கொண்டிருந்தது.