மலையூரில் இரவு, காலையில் இறக்கம்: டஸ்கனியின் இடைக்கால ஊர்களுக்குச் சைக்கிளில் போவது எப்படி

இத்தாலியின் டஸ்கனி பகுதியில், சியெனாவைச் சுற்றியுள்ள பழைய ஊர்கள் ஏறக்குறைய எல்லாமே குன்றின் உச்சியில்தான் இருக்கின்றன. கீழே பள்ளத்தாக்கில் வெள்ளமும் மலேரியாவும் இருந்தன. எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று பார்க்கவும் உயரம் தேவைப்பட்டது. எழுநூறு, எண்ணூறு வருடம் கழித்துச் சைக்கிளில் வரும் நமக்கு, பார்க்க வேண்டிய ஒவ்வொரு ஊருக்கும் முன்னால் ஒரு மேடு காத்திருக்கிறது.

முதன்முறை போகிறவர்கள் கிலோமீட்டரைக் கூட்டித்தான் திட்டம் போடுகிறார்கள். இந்த ஊரில் அது உதவாது. மேட்டைக் கணக்கிடுங்கள். அதைவிட முக்கியம், அன்றைய கடைசி மேட்டை ஏறி முடித்த ஊரிலேயே படுங்கள். விலை கொஞ்சம் குறைகிறதே என்று கீழே சமவெளியில் அறை எடுத்தால், ஊரைப் பார்க்க ஒருமுறை, மறுநாள் கிளம்ப இன்னொருமுறை என்று ஒரே மேட்டை இரண்டு தடவை ஏற வேண்டிவரும். மேலேயே தங்கினால் காலையில் உடம்பு சூடாகும் முன் இறக்கம் கிடைக்கும். பேருந்தில் வந்த கூட்டம் மாலை ஆறு மணிக்குள் கிளம்பிவிடும். அதன்பிறகு ஊர் உங்களுடையது.

இந்த விளக்கம் சைக்கிள் ஓட்டத் தெரிந்த, ஆனால் சுமையோடு பல நாள் போய்ப் பழகாத ஒருவருக்காக எழுதியது.

1. முதலில் கியரைப் பாருங்கள்

சைக்கிளின் நிறம், எடை, பிராண்டு எல்லாம் அப்புறம். மிகச் சிறிய கியர் எவ்வளவு சிறியது என்பதுதான் முதல் கேள்வி. முன்பக்கச் சிறிய பல்சக்கரத்தில் எத்தனை பற்கள், பின்பக்கப் பெரியதில் எத்தனை பற்கள் என்று எண்ணுங்கள். பின்னால் உள்ள எண் பெரிதாக இருக்க வேண்டும். முன்னால் 30, பின்னால் 36 என்றால் நிமிடத்துக்கு 60 முறை மிதித்தாலே மணிக்கு 6 கிலோமீட்டர் சொச்சத்தில் நிதானமாக ஏறலாம். முன்னால் 34, பின்னால் 28 என்று இருக்கும் பந்தயச் சைக்கிளில் அதே மிதிவேகத்துக்கு மணிக்கு 9 கிலோமீட்டர் போக வேண்டும். எட்டு சதவீத மேட்டில், பைகளோடு, அது புதியவரின் முழங்கால் தாங்கும் வேலை இல்லை.

சியெனாவிலும் ஃபுளோரன்ஸிலும் வாடகைக்குச் சைக்கிள் தரும் கடைகள் நிறைய. முன்பதிவு செய்யும்போதே பல் எண்ணிக்கையைக் கேளுங்கள். டயர் 35 முதல் 40 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். காரணத்தைக் கீழே சொல்கிறேன். டிஸ்க் பிரேக் நல்லது.

மின்சைக்கிள் எடுக்கலாமா என்று தயங்குகிறவர்களுக்கு: தாராளமாக எடுங்கள். ஐரோப்பிய விதிப்படி மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் மோட்டார் உதவாது, நீங்கள் மிதித்தால்தான் ஓடும். ஏறும் களைப்பில் கோபுரத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் போவதைவிட மோட்டாரோடு போய் ஊரை முழுதாகப் பார்ப்பது மேல். தங்குமிடத்தில் பேட்டரி சார்ஜ் செய்யவும், சைக்கிளை உள்ளே பூட்டவும் இடம் உண்டா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடு வரை. இல்லாவிட்டால் செப்டம்பரும் அக்டோபர் தொடக்கமும். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும், நிழலும் குறைவு. சியெனாவின் குதிரைப் பந்தயமான பாலியோ ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாட்களில் நடக்கும். அந்த வாரங்களில் அறை கிடைப்பது கடினம்.

3. ஒரு நாளைக்கு எவ்வளவு?

எளிய கணக்கு ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு 10 கிலோமீட்டருக்கும் 40 நிமிடம். அதன்மேல் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம் கூட்டுங்கள். 45 கிலோமீட்டரும் 800 மீட்டர் ஏற்றமும் உள்ள நாள் என்றால் 180 நிமிடமும் 80 நிமிடமும் சேர்த்து நாலு மணி இருபது நிமிடம் சைக்கிள் மேல். காலை எட்டுக்குக் கிளம்பினால், வழியில் ஒரு மடத்தைப் பார்த்துச் சாப்பிட்டும் மூன்று மணிக்குச் சேர்ந்துவிடலாம்.

புதியவருக்கு இதுதான் உச்ச வரம்பு என்று நான் சொல்வேன். இதற்கு மேல் போட்டால் சாலை மட்டும்தான் நினைவில் நிற்கும். ஏற்ற அளவை எங்கே பார்ப்பது? கோமூட் போன்ற செயலியில் வழியை வரைந்தால் மொத்த ஏற்றம் கீழேயே வரும். சைக்கிள் என்று தேர்வு செய்துவிட்டு வரையுங்கள்.

4. எந்தச் சாலை

டஸ்கனியில் நீங்கள் மூன்று வகைச் சாலைகளைப் பார்ப்பீர்கள்: பெரிய நெடுஞ்சாலைகள், சிறிய மாகாணச் சாலைகள், வெள்ளைச் சாலைகள்.

சியெனாவையும் ஃபுளோரன்ஸையும் இணைக்கும் நான்கு வழி விரைவுச் சாலை சைக்கிளுக்கு இல்லை. அதன் பக்கமே போக வேண்டாம். ரோம் நோக்கிப் போகும் பழைய காசியா நெடுஞ்சாலையில் போகலாம், ஆனால் பல இடங்களில் லாரிகள் நெருக்கும். முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். சிறிய மாகாணச் சாலைகள்தான் நமக்கு. அமைதியாக இருக்கும், தார் ஓரளவு நன்றாக இருக்கும், பெரும்பாலும் முகட்டின் மேலேயே ஓடும்.

மூன்றாவது, வெள்ளைச் சாலைகள். தார் போடாத, சுண்ணாம்புச் சரளை பரப்பிய இந்தப் பாதைகள்தான் டஸ்கனியின் தனிச்சிறப்பு. இவற்றுக்கும் தார் பூசிவிடுவார்களோ என்ற கவலையில்தான் 1997இல் காயோலே என்ற ஊரில் எரோய்கா என்ற, பழங்காலச் சைக்கிள்களில் போகும் ஓட்டம் தொடங்கியது. இன்று அதன் வழி, சுமார் 209 கிலோமீட்டர், பழுப்பு நிறப் பலகைகளோடு ஆண்டு முழுவதும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. முழுவதையும் ஓட்டத் தேவையில்லை. உங்கள் பாதையோடு சேரும் துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அகல டயர் கேட்டது இந்தச் சரளைக்காகத்தான். காற்றையும் தார்ச்சாலைக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், பிடிப்பு கூடும், அதிர்வு குறையும். மழை பெய்தால் சியெனாவுக்குத் தெற்கே உள்ள களிமண் பாதைகளில் இறங்கவே வேண்டாம். சேறு சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே இறுகிவிட்டால் உருட்டக்கூட முடியாது.

இதே நிலத்தில் வடக்கு ஐரோப்பாவிலிருந்து ரோமுக்குப் போன யாத்திரை வழி ஒன்றும் ஓடுகிறது, வியா ஃபிராஞ்சிஜேனா. கான்டர்பரி பேராயர் சிகெரிக் 990இல் ரோமிலிருந்து திரும்பும்போது தங்கிய ஊர்களை வரிசையாகக் குறித்து வைத்ததால்தான் அந்த வழி நமக்குத் தெரிகிறது. நடப்பவர்களுக்கான பாதையில் ஓடையும் செங்குத்துச் சரிவும் குறுக்கிடும். அதனால் சைக்கிளுக்கான வழியைத் தேர்ந்தெடுங்கள்.

5. ஐந்து நாள் பாதை

*முதல் நாள்.* எம்போலியிலிருந்து சியெனா போகும் ரயிலில் செர்டால்டோவில் இறங்குங்கள். மேலே செங்கல் நிறத்தில் தெரிகிற பழைய ஊரில்தான் எழுத்தாளர் பொக்காச்சோ 1375இல் இறந்தார். அங்கிருந்து சான் ஜிமின்யானோவுக்குச் சுமார் 13 கிலோமீட்டர்தான், ஆனால் 250 மீட்டருக்கு மேல் ஏற்றம். முதல் நாளுக்கு இது போதும். பைகள் சரியாகக் கட்டப்பட்டிருக்கிறதா, கியர் ஒழுங்காக மாறுகிறதா என்று இந்தத் தூரத்திலேயே தெரிந்துவிடும்.

சான் ஜிமின்யானோவில் ஒருகாலத்தில் 72 கோபுரங்கள் இருந்ததாகச் சொல்வார்கள், இன்று 14 நிற்கின்றன. பணக்காரக் குடும்பங்கள் ஒருவரையொருவர் மிஞ்சக் கட்டியவை அவை. பெரிய கோபுரத்தின் உயரம் 54 மீட்டர். அதன்மேல் ஏறினால் மறுநாள் போகப்போகும் நிலம் முழுவதும் தெரியும். ஏறிப் பாருங்கள்.

*இரண்டாம் நாள்.* கொல்லே வழியாக மொன்டெரிஜ்ஜோனி, பிறகு சியெனா. சுமார் 45 கிலோமீட்டர். மொன்டெரிஜ்ஜோனி 1213 வாக்கில் ஃபுளோரன்ஸுக்கு எதிராகச் சியெனா கட்டிய காவல் கோட்டை. சுற்றுமதில் 570 மீட்டர், அதில் 14 கோபுரங்கள். உள்ளே ஒரு சதுக்கமும் சில வீடுகளும்தான், ஒரு மணி நேரம் போதும். மதிலின் முழு அழகும் தூரத்திலிருந்து, மேட்டுக்குக் கீழே நின்று பார்க்கும்போதுதான் தெரியும்.

*மூன்றாம் நாள்.* சைக்கிளுக்கு ஓய்வு. சியெனாவில் இருங்கள். இந்த நாளை வெட்டிவிட்டு ஒரு ஊரைக் கூட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். சியெனா பேராலயத்தை இருமடங்கு பெரிதாக்க ஆரம்பித்தார்கள். 1348இல் கொள்ளைநோய் வந்து நகரத்தின் பெரும்பகுதியைக் கொண்டுபோனது. முடியாத சுவர் இன்னமும் நிற்கிறது, அதன்மேல் ஏறலாம். நகர மன்றத்தில் அம்ப்ரோஜோ லொரென்செத்தி 1338-39இல் வரைந்த சுவரோவியத்தை எப்படியாவது பாருங்கள். நல்லாட்சி நடக்கும் நாட்டில் நகர வாசலைத் தாண்டிச் சாலை மேட்டிலும் பள்ளத்திலும் வளைந்து போகிறது, விவசாயிகள் உழுகிறார்கள், வணிகர்கள் பொதி ஓட்டிப் போகிறார்கள். மேலே மிதக்கும் ஒரு பெண் கையில் பிடித்திருக்கும் ஏடு, எவரும் அச்சமின்றி வழி நடக்கலாம் என்கிறது. மறுநாள் காலை நீங்கள் சைக்கிளில் இறங்குவது அதே குன்றுகளுக்குள்தான்.

*நான்காம் நாள்.* லவுரெதானா சாலையில் அஷானோ, அங்கிருந்து மொன்டே ஒலிவேத்தோ மடம், பிறகு புவோன்கொன்வென்டோ. மீண்டும் ஒரு 45 கிலோமீட்டர். மொட்டைக் களிமண் குன்றுகளின் முகட்டில் போகும் இந்தச் சாலையில் நிழலும் இல்லை, கடையும் இல்லை. இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். 1313இல் தொடங்கிய மடம் மதியம் மூடிவிடும், காலையிலேயே போய்ச் சேருங்கள். புவோன்கொன்வென்டோ மட்டும் நம் விதிக்கு விலக்கு. மதில் சூழ்ந்த ஊர்தான், ஆனால் பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கே தங்கலாம், ஏனென்றால் அடுத்த மேட்டைக் காலைக் குளிரில் ஏறுவதுதான் சரி.

*ஐந்தாம் நாள்.* 147 மீட்டர் உயரத்திலிருந்து மொன்டல்சினோவின் 564 மீட்டருக்கு. தூரம் 14 கிலோமீட்டர்தான். மேலே அறையில் பைகளைப் போட்டுவிட்டு, வெறும் சைக்கிளில் சான்ட் ஆன்டிமோ மடத்துக்கு இறங்குங்கள், போக 10 கிலோமீட்டர். 12ஆம் நூற்றாண்டுக் கல் கட்டடம், ஒலிவ மரங்களுக்கு நடுவே தனியாக நிற்கிறது. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு கட்டடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

6. ஏறுவதும் இறங்குவதும்

மேடு தொடங்கும் முன்பே சிறிய கியருக்கு மாறிவிடுங்கள். அழுத்தி மிதிக்கும்போது மாற்றினால் செயின் கழன்றுவிடும். பேச முடிகிற அளவுக்கு மூச்சு இருக்கட்டும், பேச்சு திக்கினால் வேகத்தைக் குறையுங்கள். இறங்கி உருட்டுவதில் வெட்கமே இல்லை. சியெனாவுக்குள் நுழையும் சாந்தா கத்தரீனா தெரு 16 சதவீதச் சரிவு, பந்தய வீரர்களே பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவது.

ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் ஆபத்து. பிரேக்கைத் தொடர்ந்து லேசாகப் பிடித்துக்கொண்டே போனால் சூடேறும். கொஞ்சம் விட்டு, இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி, மறுபடி விடுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் அல்ல. சரளையில் முன் பிரேக்கைத் திடீரென்று பிடிக்கவே கூடாது.

7. சட்டமும் சாப்பாடும்

வலதுபக்கம் ஓட்டம். ஊருக்கு வெளியே ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். மணி கட்டாயம். சூரியன் மறைந்து அரைமணி கழித்து, ஊர் எல்லைக்கு வெளியே, ஒளிரும் மேலாடை போட வேண்டும். சுரங்கப்பாதைக்கும் அதே விதி. பெரியவர்களுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனாலும் போடுங்கள். கண்ட இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. தங்குமிடத்தில் அறை வாடகைக்கு மேல், ஆளுக்கு ஓரிரவுக்கு இவ்வளவு என்று ஊராட்சி வரி சில யூரோ கேட்பார்கள். அது முறையானதுதான்.

சிற்றூர்க் கடைகள் மதியம் ஒரு மணிக்கு மூடினால் மாலை நாலு வரை திறக்காது. ரொட்டி, பழம் எல்லாம் காலையிலேயே வாங்கிவிடுங்கள். டஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது, வேர்த்து உப்பை இழந்த உடம்புக்கு அது போதாது. கூடவே செம்மறி ஆட்டுப்பால் சீஸான பெகோரினோவைத் துண்டு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊர்க் குழாய்களில் 'நோன் பொத்தாபிலே' என்று எழுதியிருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். தேவாலயத்துக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், சைக்கிள் பைக்குள் ஒரு மெல்லிய மேல்சட்டை எளிதாக எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

8. திரும்பும் வழி

ஆறாம் நாள் காலை மொன்டல்சினோவிலிருந்து இறங்கி, சான் குவிரிகோ ஊர்த் தேவாலயத்தின் செதுக்கு வாசலைப் பார்த்துவிட்டு, பியென்சாவுக்கு ஏறலாம். பியென்சா இடைக்கால ஊர் அல்ல. தான் பிறந்த கிராமத்தை 1459 முதல் போப் இரண்டாம் பயஸ் புதுப்பாணியில் மாற்றிக் கட்டினார். அங்கிருந்து மொன்டெபுல்சியானோ வழியாகக் கியூசி ரயில் நிலையத்துக்கு இன்னும் 35 கிலோமீட்டர் போல ஆகும், ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. மொன்டெபுல்சியானோவில் இரவைக் கழிப்பது நல்லது, அதுவும் மேட்டின் மேல் உள்ள ஊர்தான். கியூசியில் ஃபுளோரன்ஸ், ரோம் இரண்டு பக்கமும் வட்டார ரயில் உண்டு. சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வாங்குங்கள், காகிதச் சீட்டு என்றால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள், சைக்கிள் படம் போட்ட பெட்டி எது என்று பார்த்து நில்லுங்கள். அதிவேக ரயிலில் கழற்றிப் பைக்குள் போடாத சைக்கிளை ஏற்ற மாட்டார்கள்.