ஆடியில் அளந்து மார்கழியில் அழுவது

போன கிழமை திருகோணமலை உப்புவெளியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கூரையில் இரண்டு பெடியன்கள் சோலார் பனல் பூட்ட அளவு நாடாவை இழுத்துக்கொண்டு நின்றார்கள். பயிற்சி முடித்துப் புதிதாக வந்தவர்கள். ஆடி வெயில், நேரம் பன்னிரண்டு. ஒருவன் மேலேயிருந்து, "நிழலே இல்லை அண்ணை, திறமான இடம்" என்றான். வீட்டின் தெற்கு மதிலோடு மூன்று தென்னைகள் நின்றன.

பதினொரு வருடத்துக்கு முன் நானும் ஒரு கூரையில் நின்று கிட்டத்தட்ட இதே வசனத்தைச் சொன்னவன். அதனால் ஏணியில் ஏறி அந்தத் தென்னைகளைக் காட்டினேன். "நிழல் அந்தப் பக்கம்தானே விழுது?" என்றான். சரிதான், அன்றைக்கு அந்தப் பக்கம்தான் விழுந்தது. இந்தக் கட்டுரை அவனுக்காகவும், அவனைப் போன்றவர்களிடம் வேலை கொடுக்கப் போகிறவர்களுக்காகவும்.

மெல்லிய வயர் போடுவது, எர்த் அடிக்காமல் விடுவது, விலையை மட்டும் பார்த்து வாங்குவது போன்ற தவறுகளை விட்டுவிடுகிறேன். அவற்றைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

"எது அண்ணை திறம்?" என்று தொடங்குவது

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. சோலாரில் சுழலும் பாகம் கிடையாது, சத்தம் கிடையாது, ஒழுங்காகப் பூட்டினால் இருபது வருடத்துக்கு மேல் கிடக்கும். ஆனால் மாலை ஆறு மணிக்குக் கடையைச் சாத்திவிடும். காற்றாடி இரவிலும் ஓடும், காற்று இருந்தால். சாண எரிவாயுவைச் சேர்த்து வைத்துச் சமைக்கலாம், ஆனால் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் சாணத்தைக் கரைத்து ஊற்ற வேண்டும். அந்த யாரோ ஒருவர் யார் என்பதை வீட்டில் முதலே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

நீர்மின்னைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு, மகாவலி நம்மிடம்தானே வந்து சேர்கிறது என்று. சேர்கிறதுதான். ஆனால் மலைநாட்டில் விழவேண்டியதெல்லாம் விழுந்து, விக்டோரியாவில் 210 மெகாவாட் நிலையத்தைச் சுழற்றி, மிச்சம் மீதியோடு சமதரையில் நடந்து வந்து கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. நீர்மின்னுக்குத் தண்ணீர் மட்டும் போதாது, அது விழுவதற்கு உயரமும் வேண்டும். நம் மாவட்டத்தின் கரையோரத்தில் அது இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: எனக்கு எப்போது வேண்டும், அது எப்போது கிடைக்காது?

ஆடியில் பார்த்து முடிவெடுப்பது

இதில்தான் எனக்கு இன்னமும் கோபம் வரும். பாதிக் கோபம் என் மீது.

இங்கே ஆட்கள் சோலார் கேட்டு வருவது பெரும்பாலும் வைகாசியிலிருந்து ஆவணி வரை. கச்சான் காற்று அனலாக வீசும், ஃபேன் நிற்காது, பில் ஏறும், அப்போதுதான் யோசனை வரும். அந்த மாதங்களில் திருகோணமலையில் எல்லாமே நன்றாக இருக்கும். வானம் வெளித்திருக்கும். காற்று அடிக்கும். கூரை காய்ந்து கிடக்கும், ஏறி அளப்பதும் சுகம். அந்த நிலையைப் பார்த்துத்தான் வருடம் முழுவதற்கும் கணக்குப் போடுகிறோம். ஆனால் நம் மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்ப்பது.

என் கதை இறக்கக்கண்டிப் பக்கம் ஒரு மீன் வாடியில் நடந்தது. கிண்ணியாக் காக்கா ஒருவருடைய வாடி; முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே காக்கா என்போம், வாடி என்பது கரையோர மீனவர் கொட்டில். கரண்ட் கம்பம் அதுவரை வரவில்லை, இழுக்கச் செலவு அதிகம். அவருக்கு வேண்டியது ஒரு பிறீசரும் இரண்டு பல்பும். ஒரு நாளைக்கு மூன்று யுனிட் போதும் என்று கணக்கு வந்தது. 300 வாட் பனல் நான்கு, 12 வோல்ற் 150 ஆம்பியர் மணி ஈய அமிலப் பற்றரி நான்கு. ஆடி மாதம் பூட்டினேன். நாளொன்றுக்கு ஐந்து யுனிட் வந்தது. மூன்று போக இரண்டு மிச்சம். எனக்குத் தலை கால் தெரியவில்லை.

நான்கு பற்றரியிலும் சேர்த்து ஏழு யுனிட் சொச்சம் இருக்கும் என்று தாளில் வரும். ஆனால் ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் சுருங்கும். ஆக, நம்பி எடுக்கக்கூடியது மூன்றரை யுனிட். ஆடியில் அது போதும், விடிந்தால் வெயில் வந்துவிடும்.

கார்த்திகைக் கடைசியில் மழை பிடித்தது. மூடிய வானத்தில் பனல் வழமையில் பத்தில் ஒரு பங்கும் தரும், நாலில் ஒரு பங்கும் தரும், முகிலின் தடிப்பைப் பொறுத்து. ஐந்து யுனிட் வந்த இடத்தில் ஒன்று வந்தது. பிறீசர் மூன்றைக் கேட்டது. முதல் நாள் பற்றரி தாங்கியது, இரண்டாம் நாள் பாதிக்குக் கீழே போனது, மூன்றாம் நாள் இன்வெர்ட்டர் கத்திவிட்டு நின்றது.

சரி, மழை எங்கேயும் பெய்வதுதான், விட்டதும் ஏறிவிடும் என்று நினைத்தேன். நான்காம் நாள் நல்ல வெயில். பற்றரி ஏறவில்லை. ஐந்தாம் நாளும் வெயில், ஏறவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். பத்தரை மணி. பனல் நான்கில் இரண்டின் மேல் தென்னோலை நிழல் சீப்புப் போலப் படிந்து, காற்றுக்கு மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. ஆடியில் நான் நின்று பார்த்தபோது ஒரு கீற்று நிழல்கூட இல்லாத அதே கூரை.

நடந்தது இதுதான். திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் மதியத்தில் நம் உச்சந்தலைக்கு நேரே வரும். பிறகு வடக்கே போய், ஆவணி நடுவில்தான் திரும்பி வரும். இடைப்பட்ட மாதங்களில் மதிய நிழல் தெற்கே விழும். அதாவது வீட்டுக்குத் தெற்கே நிற்கும் மரத்தின் நிழல் வீட்டை விட்டு விலகி விழும். மார்கழியில் எல்லாம் தலைகீழ். மதியத்தில்கூடச் சூரியன் உச்சியிலிருந்து 32 பாகை தெற்கே சாய்ந்து நிற்கும். அப்போது கூரை மட்டத்துக்கு மேல் 30 அடி உயர்ந்து நிற்கும் தென்னை கிட்டத்தட்ட 19 அடி தூரத்துக்கு வடக்கே நிழல் எறியும். வாடிக்கும் தென்னைக்கும் இடையில் இருந்தது எட்டடி.

ஓலை நிழல்தானே, மெல்லியதுதானே என்று கேட்பார்கள். பனலுக்குள் செல்கள் சங்கிலி போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு செல் மூடினால் அதோடு இருக்கும் வரிசை முழுவதும் தடைப்படும். சாதாரணப் பனலில் இப்படி மூன்று வரிசை, தடைப்பட்ட வரிசையைத் தாண்டிக் கரண்டை விட ஒவ்வொன்றுக்கும் ஒரு டயோட். ஓர் ஓலை குறுக்கே கிடந்தால் மூன்று வரிசையிலும் கைவைத்துவிடும். பத்தில் ஒரு பங்கு நிழலுக்குப் பத்தில் ஒரு பங்கு நட்டம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

ஆக மழை நாளில் வானம் மறைத்தது, மழை விட்ட நாளில் தென்னை மறைத்தது. பிறீசருக்குள் இருந்தது அறுக்குளா. மார்கழியில் கடல் கொந்தளிக்கும், மீன் குறையும், விலை ஏறும் என்று காக்கா பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்த மீன். கதவைத் திறந்த மணத்தை நான் எழுதப் போவதில்லை. அவர் சத்தம் போடவில்லை. "தம்பி, இது வெயிலுக்குத்தான் வேலை செய்யும் எண்டு முன்னமே சொல்லியிருந்தா, நான் ஐஸ்பெட்டியோடயே இருந்திருப்பனே" என்றார். சத்தம் போட்டிருக்கலாம், கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

தென்னையைத் தறிப்போமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "தென்னை காய்க்குது. உங்கட பனல் காய்க்குதா?" என்றார். பதில் இல்லை. என் செலவில் பனல்களை வாடியின் வடக்கு ஓரத்தில், தரையில் சட்டம் அடித்து மாற்றினேன். பற்றரிகள் நான்கும் அடுத்த சித்திரைக்கு முன்பே செத்தன, அவற்றிலும் பாதியை நான்தான் கொடுத்தேன். கார்த்திகை பிறந்தால் பிறீசரைப் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை, மூன்று நாள் மூடினால் ஒரு சின்ன ஜெனரேற்றர் இரண்டு மணித்தியாலம் ஓடும் என்று ஏற்பாடு. பச்சை மின்சாரம் பேசுகிறவர்களுக்கு ஜெனரேற்றர் என்றால் முகம் சுளிக்கும். வருடத்தில் பத்து நாளுக்காகப் பற்றரியை மூன்று மடங்காக்குவதைவிட அது மலிவு. நான் இப்போது கம்பமில்லாத இடங்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

எந்த மாதத்திலும் மார்கழி நிழலைக் கண்டுபிடிக்கலாம். சூரியப் பாதையைக் காட்டும் செயலி ஃபோனில் இருக்கிறது. எனக்குப் பழகியது பிள்ளைகளின் பாகைமானி. நடுத் துளையில் நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டு, பனல் வரப்போகும் இடத்தில் குந்தியிருந்து நேர் விளிம்பு வழியாக மரத்தின் தலையைப் பாருங்கள். நூல் 90இலிருந்து எத்தனை பாகை விலகி நிற்கிறதோ, அதுதான் மரத்தலையின் உயரம். மார்கழிச் சூரியன் காலை ஒன்பது மணிக்குத் தென்கிழக்கில் சுமார் 35 பாகை உயரத்தில் இருக்கும், மதியத்தில் தெற்கே 58, மூன்று மணிக்குத் தென்மேற்கில் திரும்பவும் 35 அளவில். இந்த வளைவுக்கு மேலே எது தலைகாட்டினாலும் அதன் நிழல் உங்கள் பனலில் விழும். தண்ணீர்த் தாங்கியும் சேர்த்துத்தான். பக்கத்து வளவில் இப்போது இடுப்பளவு நிற்கும் வேம்பையும் பார்த்து வையுங்கள்.

மின்சார சபை மீற்றரோடு இணைத்த வீடுகளுக்கு இது உயிர் போகிற விஷயமல்ல. மழை நாளில் கம்பியிலிருந்து கரண்ட் வரும். ஆனால் நிழல் தின்ற யுனிட்டைத் திருப்பித் தர யாருமில்லை.

கடற்கரையில் தொப்பி பறந்ததென்று காற்றாடி வாங்குவது

இதுவும் ஆடிக் கணக்குத்தான். "ஒரு கிலோவாட்" என்று காற்றாடியில் எழுதியிருப்பதைப் பார்ப்பார்கள், எந்த வேகத்தில் என்று பார்க்க மாட்டார்கள். சிறிய காற்றாடிகளில் அது பெரும்பாலும் செக்கனுக்கு 12 மீற்றர் அளவில் இருக்கும். அந்தக் காற்றில் குடை நிற்காது. காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாகாது, எட்டில் ஒன்றாகும். மூன்றில் ஒன்றானால் இருபத்தேழில் ஒன்று. செக்கனுக்கு நான்கு மீற்றர் இதமான கடற்காற்றில் உங்கள் ஒரு கிலோவாட் காற்றாடி ஒரு பல்பு, ஒரு ஃபோன் சார்ஜர் அளவுக்குத்தான் தரும்.

மன்னாரில் தம்பபவனி ஓடவில்லையா என்பார்கள். ஓடுகிறது, முப்பது காற்றாலை, 103.5 மெகாவாட். திறந்த கரையில், மரத்துக்கும் வீட்டுக்கும் மேலே எங்கோ உயரத்தில் சுழல்கிறது. உங்கள் கூரையில் வரும் காற்று தென்னையிலும் மதிலிலும் முட்டிச் சுழித்து வரும் காற்று. காற்றாடி திசை மாறி மாறித் திரும்பிக்கொண்டே இருக்கும். மின்சாரத்தைவிட ஓட்டுக் கூரைக்கு அதிர்வுதான் கூடுதலாகக் கிடைக்கும்.

மாட்டை எண்ணிச் சாண எரிவாயு போடுவது

மாட்டை எண்ணாதீர்கள், விடிகாலையில் பட்டியில் கிடக்கும் சாணத்தை நிறுத்துப் பாருங்கள். ஒரு கன மீற்றர் வாயுவுக்குக் கிட்டத்தட்ட 25 கிலோ சாணம் வேண்டும். ஒரு சின்னக் குடும்பம் சமைக்க நாளுக்கு அந்தளவாவது தேவை. மாடு பகல் முழுக்க வெளியில் மேய்ந்தால் பாதிச் சாணம் வழியில் போகும்.

இங்கேயும் மார்கழி வந்து நிற்கும். மூதூர்ப் பக்கம் மானாவாரிக் கிராமம் ஒன்றில் ஆடியில் பட்டி நிறைய மாடு பார்த்தோம், தாங்கி கட்டினார்கள். பெரும்போக விதைப்பு வந்ததும் வயலைக் காக்க மாட்டையெல்லாம் மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அடுப்பு தை கழியும் வரை விறகுக்குத் திரும்பியது. கட்டி வளர்க்கும் கறவை மாடு மூன்று நான்கு இருந்தால் தாராளமாகப் போடுங்கள். கழிவாக வரும் கரைசல் தோட்டத்துக்கு முதல் தரம்.

கரண்ட் போனாலும் நமக்கு சோலார் இருக்கு

இல்லை. பற்றரி இல்லாத, மீற்றரோடு இணைத்த இன்வெர்ட்டர் கம்பியில் கரண்ட் போன உடனே தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறுகிறவர் செத்துப் போகாமலிருக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் பாணந்துறையில் ஒரு குரங்கால் நாடு முழுக்க இருண்டபோது, வெயிலில் தகதகத்த கூரைகளுக்குக் கீழேயும் ஃபேன் நின்றது.

கூரை நிறையப் போட்டால் கூடக் காசு

எல்லா நேரமும் அப்படியில்லை. மிச்சக் கரண்டைக் கம்பியில் ஏற்றித்தான் அந்தக் காசு வரும். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்து வெயில் கூடியதால், கூரைச் சோலாரைப் பகலில் அணைத்து வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. பகலில் உங்கள் வீடு எவ்வளவு இழுக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

சம்பூரைப் பார்த்து வீட்டுக்கு முடிவெடுப்பது

நிலக்கரிக்கென்று ஒதுக்கிய சம்பூரில் 120 மெகாவாட் சோலார் திட்டம் வருகிறது, நல்ல விஷயம். அதற்கு இரவில் தோள் கொடுக்க நாட்டின் நீர்மின்னும் நுரைச்சோலை நிலக்கரி நிலையமும் இருக்கின்றன. உங்கள் வாடிக்கு நான்கு பற்றரிதான்.

வெயில் கூடினால் கரண்ட் கூடும்

வெளிச்சம் கூடினால் கூடும், சூடு கூடினால் குறையும். பனலில் எழுதியிருக்கும் வாட் 25 பாகைச் சூட்டுக்கு. தகரக் கூரைமேல் அது 60 தாண்டும், எட்டில் ஒரு பங்கு அங்கேயே போகும். தகரத்தோடு ஒட்டிப் பூட்டாமல் நான்கு விரல்கடையாவது இடைவெளி விடுங்கள்.

சாதாரண இரும்பு போல்ற்

கடலுக்குப் பக்கத்தில் வேண்டாம். துருப்பிடிக்காத உருக்கு மட்டும்.

மத்தியானத்தில் பனல் கழுவுவது

கச்சான் காலத்தில் தூசியும் உப்பும் படியும், கழுவத்தான் வேண்டும். விடிகாலையில், நல்ல தண்ணீரில், சவர்க்காரம் இல்லாமல். கொதிக்கும் கண்ணாடியில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வெடிக்க வைத்த ஒரு பனல் என் பட்டறையில் மேசையாகக் கிடக்கிறது.